மறுவாரமும் வா



பழவேற்காட்டு மேடையில் ஏறுகிறவர்கள் 1613இல் டச்சுக்காரன் கட்டிய கோட்டையில்தான் பேச்சைத் தொடங்குவார்கள். நான் இன்று கோட்டைப் பக்கம் போகவில்லை. இடிந்த கோட்டைக்காகப் பேச ஆயிரம் பேர் இருக்கிறார்கள். ஆரம்பப் பள்ளி வாத்தியாருக்குத்தான் ஆள் கிடைப்பதில்லை.

நான் பேச வந்திருக்கும் வாத்தியார் உங்கள் ஊர்க்காரர் அல்ல, ராமேஸ்வரத்துக்காரர். ஆனால் அந்த ஊரும் உங்களுக்கு ஒன்றும் அந்நியம் இல்லை. அங்கேயும் தோணி, வலை, கருவாட்டு மணம். ஒரு தெருவில் பாங்கு, அடுத்த தெருவில் கோயில் மணி. அந்த ஊரில் 1940களின் தொடக்கத்தில் அறிவியல் பாடம் நடத்தியவர் சிவசுப்பிரமணிய ஐயர்.

ஒருநாள் ஐந்தாம் வகுப்பில் பறவை எப்படிப் பறக்கிறது என்று பாடம். கரும்பலகையில் ஒரு பறவையை வரைந்தார். தலை, இறக்கை, வால். இறக்கையை அடித்து எப்படி எழும்புகிறது, வாலைத் திருப்பி எப்படித் திசை மாறுகிறது என்று ஏறக்குறைய இருபத்தைந்து நிமிஷம் சொன்னார். சொல்லிவிட்டு, புரிந்ததா என்று கேட்டார். பத்து வயதுப் பையன் ஒருவன் எழுந்து, புரியவில்லை என்றான். அவன் வாயைத் திறந்ததும் இன்னும் பல பிள்ளைகள் தங்களுக்கும் புரியவில்லை என்றார்கள்.

இங்கே கொஞ்சம் நிறுத்திக்கொள்கிறேன். நானும் முப்பது வருஷம் சாக்பீஸ் பிடித்தவன். "புரிஞ்சுதா?" என்று நான் கேட்ட போதெல்லாம், "புரிஞ்சுது சார்" என்று வகுப்பே ஒரே குரலில் பாடும். அந்தப் பாட்டை நம்பி அடுத்த பாடத்துக்குத் தாவிய நாட்களை இப்போது எண்ணினால் வெட்கமாக இருக்கிறது. முகத்துவாரம் மணலடித்து அடைத்துக்கொண்டால் உங்கள் பழவேற்காடு ஏரி என்ன ஆகும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. மேலே பார்த்தால் தண்ணீர் நிற்கும், கடல் தண்ணீர் உள்ளே வராது, இறால் குஞ்சும் வராது. "புரியல" என்று ஒரு பிள்ளை சொல்ல முடியாத வகுப்பும் அப்படித்தான். என் வகுப்பு பல நாள் அப்படி இருந்திருக்கிறது.

ஐயர் கோபித்துக்கொள்ளவில்லை, பிரம்பை எடுக்கவில்லை. சாயங்காலம் அத்தனை பேரையும் கடற்கரைக்குக் கூட்டிக்கொண்டு போனார். பத்தும் இருபதுமாகப் பறவைகள் போய்க்கொண்டிருந்தன. அதோ பார், இறக்கையை அடிக்கிறது. அதோ, வாலைத் திருப்புகிறது, திரும்புகிறது பார். காலையில் பலகையில் நின்ற பறவை சாயங்காலம் பறந்தது. இதற்கு எஞ்சின் எங்கே இருக்கிறது என்று பிள்ளைகளைக் கேட்டார். அதன் உயிர்தான், அதன் ஆசைதான் எஞ்சின் என்று அவரே சொன்னார். படகு எஞ்சினைத் தோளில் தூக்கிச் சுமக்கும் உங்கள் வீட்டுப் பிள்ளைகளிடம் கேட்க வேண்டிய கேள்வி அது.

அந்தப் பையன் அப்துல் கலாம். அப்பா ஜைனுலாப்தீன், பக்தர்களைத் தனுஷ்கோடிக்கு ஏற்றிப்போகப் படகு கட்டியவர்.

பறவைக் கதையை எல்லா மேடையிலும் சொல்கிறார்கள். என்னைப் பிடித்து ஆட்டுவது இன்னொரு சம்பவம். கலாமே 'அக்னிச் சிறகுகள்' நூலில் எழுதியிருப்பது. ஐயர் ஆசாரமான குடும்பத்துக்காரர், ஆனால் ஆசாரத்தோடு சண்டை போட்டுக்கொண்டே இருந்தவர். ஒருநாள் கலாமைத் தன் வீட்டுக்குச் சாப்பிடக் கூப்பிட்டார். ஒரு முஸ்லிம் பையன் தன் மடி அடுப்படிக்கு வருவதா என்று வீட்டம்மா பதறிப்போனார். பரிமாற மாட்டேன் என்று சொல்லிவிட்டார். ஐயர் சத்தம் போடவில்லை. தானே சோறு போட்டார், பக்கத்திலேயே உட்கார்ந்து தானும் சாப்பிட்டார். அந்த அம்மா கதவுக்குப் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். தான் சோறு தின்றதிலோ, தண்ணீர் குடித்ததிலோ, சாப்பிட்ட இடத்தைத் துடைத்ததிலோ என்ன வித்தியாசம் கண்டிருப்பார் என்று அந்தச் சிறுவன் யோசித்துக்கொண்டே இருந்திருக்கிறான். அந்த வயதில் ஒரு பிள்ளைக்கு வரவேண்டிய யோசனையா அது?

சாப்பிட்டு எழுந்தாயிற்று. நம்மில் நல்லவர் ஒருவர் என்ன செய்திருப்பார்? மனசுக்குள் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு, அடுத்த முறை பையனை ஓட்டலுக்குக் கூட்டிப்போய் மசால் தோசை வாங்கித் தந்திருப்பார். ஐயரோ வாசலில் வைத்து, அடுத்த வாரமும் சாப்பிட வா என்றார். பையன் தயங்கினான். ஒரு முறையை மாற்றுவது என்று இறங்கிவிட்டால் இதெல்லாம் வரத்தான் செய்யும் என்று சமாதானம் சொன்னார். இன்ன நாள் இன்னார் என்று முறைவைத்து, பாட்டு முறையில் ஏரியில் மீன் பிடிக்கிறவர்கள் நீங்கள். ஒருநாள் வலை சும்மா வந்ததென்று எந்தத் தலைக்கட்டாவது தன் பாட்டை விட்டுக்கொடுக்குமா?

மறுவாரம் கலாம் போனார். அந்த அம்மாவே அடுப்படிக்கு உள்ளே கூட்டிப்போய்த் தன் கையால் பரிமாறினார்.

மேடைகளில் அந்த அம்மாவை வில்லியாக்கிக் கைதட்டல் வாங்குகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. ஆயுசு முழுக்கப் பழகிய ஒன்றை ஏழு நாளில் விட்டவர் அவர். ஐயரிடம் படித்தவர்களில் ரொம்பக் கடினமான பாடத்தில் தேறியவர் அவராகத்தான் இருக்க வேண்டும். அவர் பெயர் நூலின் அந்தப் பக்கத்தில் இல்லை என்பதுதான் என் மனக்குறை.

சரி, ராமேஸ்வரத்துக் கதையை இந்த ஊரில் எதற்குச் சொல்கிறான் இவன் என்று பின்வரிசையில் ஒரு பெரியவர் முனகுகிறார். ஐயா, வடக்கே பாருங்கள். உங்கள் ஏரிக்கும் கடலுக்கும் நடுவே கிடக்கிறதே ஸ்ரீஹரிகோட்டா, அங்கேதான் அந்தப் பையன் வந்து சேர்ந்தான். ராக்கெட் விடும் நாளில் அந்தப் பக்கம் கடலுக்குப் போகாதே என்கிறார்கள், உங்கள் அன்றைய பாடு என்ன ஆகும் என்பது வேறு வழக்கு, அதற்கு வேறு மேடை போடுவோம். 1979 ஆகஸ்டு 10, கலாம் திட்ட இயக்குநராக இருந்து செய்த எஸ்.எல்.வி.-3 ராக்கெட் அங்கிருந்து கிளம்பி வங்கக் கடலில் விழுந்தது. 1980 ஜூலை 18, அதே தீவிலிருந்து மறுபடியும் விட்டார்கள். ரோகிணி செயற்கைக்கோள் சுற்றுப்பாதையில் போய் உட்கார்ந்தது. இங்கே இருக்கும் தாத்தாக்களில் சிலர் அந்த வெளிச்சத்தைக் கரையிலிருந்தே பார்த்திருப்பார்கள். கடைசியில் 2015 ஜூலை 27, ஷில்லாங்கில் மாணவர்கள் முன்னால் பேசிக்கொண்டிருக்கும்போதே அவர் சாய்ந்தார். ஜனாதிபதியாக இருந்தவர், போனது வாத்தியாராக.

எனக்குக் கொடுத்த இருபது நிமிஷம் முடிந்துவிட்டது. டீ போட்டிருக்கிறார்களாம், பெரியவர்கள் குடியுங்கள். தை மாசம், ஏரியில் தண்ணீர் இருக்கிறது, பூநாரைகளும் இறங்கியிருக்கின்றன. வெளிச்சம் போவதற்குள் நான் கரைக்குப் போகிறேன். பிள்ளைகளே, நான் பேசியதில் புரியாதது எதுவும் இருந்தால் என்கூட அங்கே வந்து கேளுங்கள். "புரிஞ்சுது சார்" என்கிறவர்களும் வரலாம்.