மயக்கமா, வலிப்பா? பார்த்தவரே சாட்சி

(தோட்டக் கிளைக் கூட்டத்தில் கிராணி ஒருவர் ஆற்றிய உரை)



சம்பளத்தைப் பற்றியும் வீட்டைப் பற்றியுமே பேசும் இந்த மேடையில், இன்று ஒரு நோயைப் பற்றிப் பேசும்படி செயலாளர் என்னைப் பணித்திருக்கிறார். இதுவும் சங்கத்தின் வேலைதான். வெட்டுக்காட்டில் ஒருவர் விழுந்துவிட்டால், வந்தது மயக்கமா, வலிப்பா என்ற கேள்வியில் அவருடைய உயிரும் இருக்கிறது, பிழைப்பும் இருக்கிறது.

நம்மிடையே இரண்டு விதமான தவறு நடக்கிறது. வெறும் மயக்கம் போட்டு விழுந்த பெண்ணைக் 'காக்காய் வலிப்புக்காரி' என்று லயம் முழுவதும் பேசி, அவள் கலியாணத்தைக் கெடுத்துவிடுகிறார்கள். உண்மையாகவே வலிப்பு வந்தவனை, 'வெயில் மயக்கம், ஒரு சோடா குடி' என்று சொல்லி மறுநாளே கத்தியோடு நிரைக்கு அனுப்பிவிடுகிறார்கள். முதல் தவறு மானத்தைக் கெடுக்கும். இரண்டாவது உயிரையே வாங்கும்.

டாக்டரிடம் கொண்டுபோய்ச் சேர்ப்பதற்குள் எல்லாம் அடங்கிவிடும். விழுந்தவருக்கோ பெரும்பாலும் ஒன்றும் நினைவிருக்காது. ஆகவே கண்ணால் கண்ட நீங்கள்தான் சாட்சி. விழுவதற்கு முன், விழுந்தபோது, எழுந்தபின் என்று மூன்று கட்டத்தையும் நீங்கள் சொல்ல வேண்டும்.

முதலாவது, விழுவதற்கு முன். மயக்கத்துக்குப் பெரும்பாலும் ஒரு காரணம் இருக்கும். பசியாறாமல் வந்திருப்பார்; பெரட்டில் நெடுநேரம் நின்றிருப்பார்; வயிற்றுப்போக்கு இருந்திருக்கும்; ரத்தத்தைக் கண்டிருப்பார். கண் இருட்டும், காது அடைக்கும், குமட்டும், வியர்க்கும், முகம் வெளுக்கும். குனிந்து வேலை செய்தவர் சட்டென்று நிமிர்ந்ததும் கிறுகிறுத்தால் ரத்த அழுத்தம் இறங்கியிருக்கலாம். ரத்தக்கொதிப்பு மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு இது அதிகம். படுத்தபடி பார்த்த மேல் அளவு, எழுந்து நின்ற 3 நிமிடத்துக்குள் 20 புள்ளி குறைந்தால் அது கவனிக்க வேண்டிய இறக்கம். வலிப்போ, உட்கார்ந்திருக்கும்போதும் வரும், தூங்கும்போதும் வரும்.

இரண்டாவது, விழுந்தபோது. மயக்கத்தில் உடல் துவண்டு விழும். பெரும்பாலும் ஒரு நிமிடத்துக்குள் நினைவு திரும்பும். பெரிய வலிப்பில் உடல் கட்டைபோல் விறைக்கும், சிலர் அலறுவார்கள், பிறகு கைகால்கள் தாளம் போட்டதுபோல் ஒன்றிரண்டு நிமிடம் வெட்டி இழுக்கும், உதடு நீலம் பாயும், நாக்கின் பக்கவாட்டில் கடிபடும். விழாமலே, கூப்பிட்டாலும் கேளாமல் வெறித்துப் பார்த்து வாயை மெல்லும் வலிப்பும் உண்டு.

இங்கே ஓர் எச்சரிக்கை. 'கைகால் வெட்டியது, ஆகவே வலிப்பு' என்று முடிவு கட்டிவிடாதீர்கள். மூளைக்கு ரத்தம் குறையும்போது மயக்கத்திலும் சில வெட்டு வெட்டும். 10-க்குள் நின்றால் மயக்கமாக இருக்கலாம். 20-ஐத் தாண்டினால் வலிப்பாக இருக்கலாம். சிறுநீர் போவது இரண்டிலும் உண்டு. அதை வைத்துத் தீர்ப்புச் சொல்ல முடியாது.

மூன்றாவது, எழுந்தபின். இதுவே முக்கியம். மயங்கியவர் கண் விழித்ததும், களைத்திருந்தாலும், தெளிவாகப் பேசுவார். வலிப்பு வந்தவர் பெண்டாட்டி பிள்ளையைக்கூட அறியாமல் விழிப்பார், தூங்குவார், தலைவலி, உடம்புவலி என்பார். தெளிவதற்கு அரைமணி நேரமும் ஆகலாம்.

செய்ய வேண்டியது என்ன? மயங்கியவரை உட்கார வைக்காதீர்கள். படுக்கவைத்துக் காலை உயர்த்துங்கள். வலிப்பு வந்தவர் பக்கத்தில் கிடக்கும் கத்தியையும் வாளியையும் அகற்றுங்கள். கையில் இரும்பைத் திணிக்காதீர்கள். இரும்பு எந்த வலிப்பையும் நிறுத்தாது. வாயில் கரண்டி நுழைக்காதீர்கள், தண்ணீர் ஊற்றாதீர்கள், கைகாலை அழுத்திப் பிடிக்காதீர்கள். வெட்டு நின்றதும் ஒருக்களித்துப் படுக்கவையுங்கள். கடிகாரத்தைப் பாருங்கள், கைபேசியில் படம் எடுத்தால் டாக்டருக்குப் பேருதவி. 5 நிமிடம் தாண்டினாலோ, தெளியாமலே மறுபடி வந்தாலோ, முதல் தடவை வந்தாலோ, கர்ப்பிணியானாலோ உடனே 999-ஐக் கூப்பிடுங்கள்.

வேறு இரண்டு எதிரிகளையும் மறக்க வேண்டாம். நெஞ்சு வலித்தோ, படபடத்தோ, பாரம் சுமக்கும்போதோ விழுந்தால் இருதயத்தைச் சோதிக்க வேண்டும். நீரிழிவுக்காரர் மருந்தைப் போட்டுக்கொண்டு சாப்பிடாமல் வந்தால் சர்க்கரை இறங்கி வியர்த்து உளறுவார், வலிப்பும் வரலாம். விழுங்கும் நினைவு இருந்தால் மட்டும் இனிப்புக் கொடுங்கள்.

தோழர்களே! ஒரு தடவை வலிப்பு வந்ததாலேயே ஒருவர் வலிப்பு நோயாளி ஆகிவிடமாட்டார். நோய்தான் என்றாலும் அது பேயுமல்ல, பாவமுமல்ல, தொற்றுவதுமல்ல. உலகத்தில் சுமார் 5 கோடிப் பேருக்கு இந்நோய் உண்டு. தக்க சிகிச்சை கிடைத்தால் 100-க்கு 70 பேர் வரை வலிப்பின்றி வாழலாம் என்கிறது உலகச் சுகாதார நிறுவனம். மருந்தைத் தானாக நிறுத்துவதுதான் ஆபத்து.

டாக்டர் அனுமதிக்கும்வரை அவர் டிராக்டர் ஓட்டக்கூடாது, ஏணி ஏறக்கூடாது, தனி நிரையில் நிற்கக்கூடாது. அதற்காக வேலையைப் பறிக்க வேண்டுமா? மாற்று வேலை கேட்போம். நியாயமின்றி நிறுத்தினால், 1967-ஆம் ஆண்டுத் தொழில் உறவுச் சட்டத்தின் 20-ஆம் பிரிவின்படி 60 நாட்களுக்குள் மனுச் செய்ய வேண்டும். நாளைக் கடத்திவிட்டு வந்தால் சங்கத்தாலும் ஒன்றும் செய்ய இயலாது. அன்று நீங்கள் கண்டதைக் கண்டபடி, நேரத்தோடு எழுதிக் கிளைச் செயலாளரிடம் கொடுங்கள். அந்தக் காகிதம் டாக்டருக்கு வழிகாட்டும். தொழிலாளிக்கும் காவலாக நிற்கும்.

விழுந்தவரைச் சுற்றிக் கூட்டம் கூடுவது எளிது. அந்தக் கூட்டத்தில் ஒருவராவது நிதானமாகப் பார்க்கட்டும்.