கேதாரத்துக்கு மேலே ஓர் ஏரி

(சங்க ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)



திருஞானசம்பந்தர் கேதாரத்தை நேரில் சென்று பாடவில்லை என்று பெரியபுராணம் கூறும். திருக்காளத்தியில் இருந்தவாறே வடதிசைத் தலங்களை நினைந்து பாடினார். நமக்கோ ரயிலும் விமானமும் இருக்கின்றன. நடக்க இயலாதவர்க்கு ஹெலிகாப்டரும் உண்டு. ஆகவே மாரெட்பள்ளி அன்பர்கள் கேதாரம் போய் வருவது இன்று அரிய செய்தியன்று. ஆயினும் பலர் ஆலயத்தை வலம் வந்ததும் இறங்கிவிடுகின்றனர். கோயிலுக்குப் பின்னே, காலையில் புறப்பட்டு மாலைக்குள் திரும்பக்கூடிய மலைவழி ஒன்று உண்டு. அதைப் பற்றியே இன்று பேசுகிறேன்.

கேதாரநாதர் கோயில் ஏறத்தாழ 3,580 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அதன் பின்னே 6,940 மீட்டர் உயரமுள்ள கேதார சிகரம் வெண்மதிலாக எழுந்து நிற்கும். மந்தாகினியை ஒட்டிச் சோராபாரி என்னும் பனியாற்றை நோக்கி ஏறத்தாழ 3 கிலோமீட்டர் ஏற வேண்டும். தூரம் சிறிதுதான், ஆனால் காற்று மெலிந்த இடமாதலால் பத்தடிக்கு ஒருமுறை மூச்சு வாங்கும். மரமில்லை, புல்லும் கல்லுமே வழித்துணை.

அவ்வழியின் முடிவில் ஏறத்தாழ 400 மீட்டர் நீளமும் 200 மீட்டர் அகலமும் உள்ள ஏரி ஒன்று இருந்தது. அண்ணல் காந்தியடிகளின் அஸ்தியில் ஒரு பகுதி 1948இல் அதிலே கரைக்கப்பட்டது. அதனால் காந்தி சரோவரம் என்ற பெயரும் அதற்கு வாய்த்தது. இன்று அங்கே போகிறவர் காண்பது நீரற்ற கற்பள்ளம்.

அந்த ஏரியைத் தாங்கி நின்றது பாறைக் கரையன்று. பனியாறு மலையைச் சுரண்டி இழுத்து வந்து ஓரத்தில் குவித்த கல்லும் மண்ணுமே கரை. நம் ஊர் ஏரிகளை நினைத்துப் பாருங்கள். மிகுந்த நீர் வழியக் கலிங்கு அமைக்காமல் நம் முன்னோர் ஏரி கட்டியதில்லை. அந்த மலையேரிக்குக் கலிங்கு கிடையாது. அடியில் கசிந்து போவதே அதன் வடிகால். 2013 ஜூனில் பருவமழை வழக்கத்துக்கு முந்தி வந்தது. உருகும் பனியோடு பெருமழையும் சேர்ந்தது. ஜூன் 17 காலை ஏழு மணிக்குள் கரை உடைந்தது. பத்து நிமிடத்துக்குள் ஏரி முழுவதும் வெறுமையாயிற்று. பெரும் பாறை ஒன்று கோயிலின் பின்புறம் வந்து தங்கி வெள்ளத்தைப் பிரித்ததால் ஆலயம் தப்பியது. ஆதிசங்கரரின் சமாதி அடித்துச் செல்லப்பட்டது. அந்நாட்களில் உத்தரகாண்டத்தில் மாண்டவரும் காணாமற்போனவரும் ஐயாயிரத்துக்கு மேற்பட்டோர்.

நம் நகரமும் இத்துயரை அறியாததன்று. 1908 செப்டம்பரில் மூசி நதி பெருகிப் பல்லாயிரம் உயிரைக் கொண்டு போயிற்று. விசுவேசுவரய்யாவின் யோசனைப்படி உஸ்மான் சாகரும் ஹிமாயத் சாகரும் எழுந்தன. அவற்றுக்கு மதகு உண்டு. திறக்க ஆளும் உண்டு. இமயத்து ஏரிகளுக்கு யார் இருக்கிறார்கள்? வியப்பான செய்தி, அவற்றை எண்ணிக் காவல் பார்ப்பவர்களுள் ஒரு சாரார் நம் பாலாநகரிலேயே இருக்கின்றனர். அங்குள்ள தேசியத் தொலையுணர்வு மையம் துணைக்கோள் படங்களைக் கொண்டு அவ்வேரிகளை அளந்து வருகிறது. 10 ஹெக்டேருக்கு மேற்பட்ட 2,431 ஏரிகளுள் 676 ஏரிகள் 1984க்குப் பின் வெகுவாகப் பெருத்துள்ளன என்று 2024இல் இஸ்ரோ அறிவித்தது.

ஆனால் அளப்பது வேறு, காப்பது வேறு. சிக்கிமின் தெற்கு லோனாக் ஏரி பெருத்து வருவதைப் பல ஆண்டுகளாக அறிஞர் அறிந்திருந்தனர். அறிந்திருந்தும் 2023 அக்டோபரில் அது உடைந்து தீஸ்தாவின் பெரிய அணையொன்றை அடித்துச் சென்றது. பாலாநகரில் தெரிந்த செய்தி மலையடிவாரத்துக் கடைக்காரன் காதுக்கு வேளையோடு எட்டவில்லையென்றால் படங்களால் என்ன பயன்?

அடுத்த ஆண்டு கேதாரம் செல்வோர்க்கு ஒரு வார்த்தை. கூடுமானால் மழை ஓய்ந்த செப்டம்பர் இறுதியிலோ அக்டோபரிலோ செல்லுங்கள். சென்ற அன்றே மேலே ஏறாமல் ஓரிரவு தங்கி உடலைப் பழக்குங்கள். வழி திறந்திருக்கிறதா என்று அங்குள்ள காவலரைக் கேட்டு, விடியலில் புறப்பட்டு, நண்பகலுக்குள் இறங்கத் தொடங்கிவிடுங்கள். வானம் கறுத்தால் பயணத்தை மறுநாளைக்கு ஒத்திவையுங்கள்.