சிறு தழும்பும் சிறுவர் வலியும்



ஒட்டுக்குடல் அழற்சி கண்ட குழந்தையின் வயிற்றை நீளமாகக் கீறித் திறந்தாலன்றிச் சிகிச்சை இல்லை என்றிருந்த காலம் மலையேறிவிட்டது. 1980-ஆம் ஆண்டில் ஜெர்மனியின் கீல் நகரத்து மகளிர் மருத்துவரான கூர்ட் செம், வயிற்றில் சில துளைகளை மட்டும் இட்டு அவற்றின் வழியே ஒட்டுக்குடலை அகற்றிக் காட்டியபோது, அவருடைய நாட்டு அறுவை மருத்துவர்களே அவரைக் கடிந்துகொண்டார்கள். பத்தாண்டுகள் கழித்து, 1990-இல், டாக்டர் தெஹெம்டன் உத்வாடியா பம்பாயில் அம்முறையில் பித்தப்பையை எடுத்தார். நம் கோவையிலோ டாக்டர் சி. பழனிவேலு போன்றோரின் உழைப்பால் இக்கலை நன்கு வேரூன்றியது. பொள்ளாச்சியிலிருந்தும் வால்பாறையிலிருந்தும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு கோவைக்குப் போகும் குழந்தைகள், இரண்டு மூன்று சிறு தழும்புகளோடு சில நாட்களில் வீடு திரும்புவது இன்று விந்தையன்று.

அந்தத் தழும்புகளின் சிறுமையே குழந்தைக்கு ஒருவகையில் பாதகமாகிவிடுகிறது என்பதைத்தான் நான் விண்ணப்பித்துக்கொள்ள விரும்புகிறேன். காயம் சிறிதாகத் தெரிவதால் வேதனையும் சிறிதாகத்தான் இருக்கும் என்று பெரியவர்கள் நிச்சயித்துவிடுகிறார்கள். குழந்தை முனகினால், பள்ளிக்கூடத்துக்குப் போகாமலிருக்கப் பாசாங்கு செய்கிறது என்று தீர்ப்பும் எழுதிவிடுகிறார்கள். வெளியே தோலில் சிறு துளைதான். உள்ளேயோ அழற்சி கண்ட உறுப்பு அறுத்தெடுக்கப்பட்டிருக்கிறது.

இந்த அவநம்பிக்கை உச்சத்துக்குப் போவது தோள்வலியில்தான். "ஏஞ்சாமி, ஆப்பரேசன் பண்ணுனது வவுத்துல, தோளு எப்படிக் கண்ணு நோவும்?" என்று அம்மிச்சி கேட்கும்போது, குழந்தையால் விடை சொல்ல முடிவதில்லை. விடை இதுதான். கருவிகள் இயங்க இடம் வேண்டி வயிற்றுக்குள் கரியமிலவாயுவைச் செலுத்திப் பலூன்போல் உப்பவைக்கிறார்கள். அதன் அழுத்தமும், பின்னால் எஞ்சும் சிறிதளவு வாயுவும், வயிற்றுக்கு மேற்கூரையாக உள்ள உதரவிதானத்தை உறுத்துகின்றன. உதரவிதானத்துக்குச் செல்லும் நரம்பு கழுத்துப் பகுதியில் பிறப்பது. தோளின் உணர்ச்சி நரம்புகளுக்கும் பிறப்பிடம் ஏறக்குறைய அதுவே. ஆகையால் மூளை, வயிற்றின் மேற்புறத்திலிருந்து வந்த செய்தியைத் தோளிலிருந்து வந்ததாக எண்ணி மயங்குகிறது. குழந்தை சொன்னது முழு உண்மை! பெரும்பாலும் ஓரிரு நாட்களில் அந்த வாயுவை உடல் உறிஞ்சிக்கொள்ள, வலியும் அகன்றுவிடும்.

குழந்தையின் வலியை நம்பாதவர்கள் நம் பாட்டிமார் மட்டுமல்லர். மருத்துவ சாஸ்திரமே நெடுங்காலம் நம்பவில்லை. பச்சிளஞ்சிசுவின் நரம்புகள் முதிராதவை, அதற்கு வேதனை தெரியாது என்ற அபிப்பிராயத்தால், 1980-களிலுங்கூட மிக அற்பமான மயக்கமருந்தோடு சிசுக்களுக்கு அறுவை நடந்திருக்கிறது. இந்தூரில் மருத்துவம் பயின்று ஆக்ஸ்போர்டுக்குச் சென்ற கே. ஜே. எஸ். ஆனந்த், தம் சகாக்களுடன் 1987-இல் 'லான்செட்' இதழில் வெளியிட்ட ஆராய்ச்சி அதை அசைத்தது: குறைமாதக் குழந்தைகளுக்கும் அறுவையின்போது வலிநீக்கி சேர்த்துக் கொடுத்தால் உடலின் அதிர்ச்சி தணிகிறது, பின்விளைவுகளும் குறைகின்றன.

இன்றைய முறை, வலி வந்தபின் விரட்டுவதன்று, முந்திக்கொள்வது. குழந்தை மயக்கம் தெளியுமுன்பே துளையிட்ட இடங்களில் மரத்துப்போகச் செய்யும் மருந்தைச் செலுத்திவிடுகிறார்கள். பின்னர் பாரசிட்டமாலை, அழுதபோது அல்ல, கடிகாரத்தைப் பார்த்து முதல் ஓரிரு நாட்கள் கொடுக்கிறார்கள். பேசத் தெரியாத சிசுவுக்கு முகம், கால்கள், அசைவு, அழுகை, தேற்றினால் தேறுகிறதா என்ற ஐந்தையும் கவனித்து மதிப்பெண் இடுவார்கள். சற்று வளர்ந்த குழந்தைக்குச் சிரிக்கும் முகம் முதல் அழும் முகம் வரை படங்களைக் காட்டி, உன் வலி எது என்று கேட்பார்கள். வலி மருந்தென்றாலே உடம்புக்குக் கெடுதல் என்று பயந்து, வீட்டில் ஒரு வேளை கொடுத்து ஒரு வேளை நிறுத்துவதால், அடக்கிய வலி மீண்டும் தலைதூக்குவதே மிச்சம்.

எனினும் அளவில் சிரத்தை வேண்டும். பதினாறு கிலோ எடையுள்ள குழந்தைக்குப் பாரசிட்டமால் ஒரு வேளைக்கு ஏறத்தாழ 240 மில்லிகிராம்; கடையில் கிடைக்கும் சிரப்புகளில் ஒன்றில் ஐந்து மில்லிக்கு 120 மில்லிகிராமும், இன்னொன்றில் 250 மில்லிகிராமும் இருக்கின்றன. 120 மில்லிகிராம் புட்டியின் கணக்கில் 250 மில்லிகிராம் புட்டியிலிருந்து ஊற்றினால் மருந்து இரண்டு மடங்காகிவிடும். ஆகவே வீடு திரும்பும் நாளில் எந்தப் புட்டி, எத்தனை மில்லி, எத்தனை மணிக்கொருமுறை என்று எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். நிமிசுலைடு என்ற வலி மருந்து பன்னிரண்டு வயதுக்குட்பட்டோருக்கு 2011 முதல் இந்தியாவில் தடை செய்யப்பட்டுள்ளது. ஆகவே வீட்டில் பெரியவர்களுக்கு வாங்கிவைத்த மாத்திரையை உடைத்துக் கொடுக்கும் பழக்கத்தை விட்டுவிட வேண்டும்.

இருமும்போது வயிற்றோடு ஒரு தலையணையை அணைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். மருத்துவர் அனுமதித்தவுடன் எழுப்பி மெல்ல நடக்கவிடுங்கள். நாளுக்கு நாள் வலி குறைய வேண்டும். மாறாக அது கூடினாலும், காய்ச்சலோ ஓயாத வாந்தியோ வயிற்று வீக்கமோ உடன் சேர்ந்தாலும், மருந்தை மேலும் மேலும் கொடுத்துக்கொண்டிராமல், கோவைக்குப் போக விடியட்டும் என்றும் காத்திராமல், அன்றிரவே பொள்ளாச்சி அரசு மருத்துவமனையிலேனும் குழந்தையைக் காட்டிவிடுங்கள்.