அயலார் உருவமும் மெய்நிகர் உலகமும்



தலைமைப் பதவியை ஏற்கிறவர் தமக்கு அதற்குரிய தகுதி இல்லை என்று முதலிற் சில நிமிஷம் சொல்லிவிட்டு, பிறகு தகுதியுடையவர்கள் பேசவேண்டிய நேரத்தையெல்லாம் தாமே எடுத்துக்கொள்வது நம் மாநாடுகளின் சம்பிரதாயம். அதில் முதற்பாதியை நான் விட்டுவிடுகிறேன். இரண்டாம் பாதியையும் இயன்ற அளவு சுருக்கிக்கொள்கிறேன்.

உயிரோடிருப்பவர், மறைந்துபோனவர் என்ற பேதமின்றி மனிதருடைய முகத்தையும் குரலையும் நடையையும் கைவீச்சையும் யந்திரத்தால் அளந்து சேமித்து, கண்ணையும் காதையும் மறைத்துக்கொள்ளும் ஒரு கவசத்தின் வழியே அவர்களை நம் எதிரில் நடமாடவும் நம்மோடு சம்பாஷிக்கவும் செய்கிற வித்தை கைவந்திருக்கும் இக்காலத்தில், அப்படிச் செய்வதற்கு யாருடைய சம்மதம் வேண்டும், எந்த எல்லைவரை செய்யலாம் என்பதே நாம் இங்கே கூடி விசாரிக்கப் போகிற விஷயம். இது புத்தம் புதிய விஷயமாகத் தோன்றினாலும், நாம் கூடியிருக்கும் மதுரைக்கு அவ்வளவு புதியதன்று.

மீனாட்சியம்மன் கோயிலின் கீழைக் கோபுரத்துக்கு எதிரே, நெடுங்காலம் தையற்காரர்களும் புத்தகக் கடைக்காரர்களும் தூண்தோறும் அமர்ந்து வியாபாரம் செய்த புதுமண்டபத்தில், நாயக்க மன்னர்களின் பிரதிமைகள் வரிசையாக நிற்பதை நீங்கள் பார்த்திருப்பீர்கள். 1623 முதல் 1659 வரை ஆண்ட திருமலை நாயக்கர் தொந்தியும் கூப்பிய கையுமாகத் தம் தேவியரோடு நிற்கிறார். அத்தேவியருள் ஒருத்தியின் சிலையைப் பற்றி ஒரு கர்ண பரம்பரைக் கதை உண்டு. செதுக்கும்போது தொடையில் ஒரு சில்லு பெயர்ந்துவிட, சிற்பி அஞ்சி நடுங்க, மேற்பார்வை செய்த நீலகண்ட தீட்சிதர், அரசியின் அங்கத்தில் அவ்விடத்தில் மச்சம் இருக்கவேண்டும், ஆதலால் அப்படியே இருக்கட்டும் என்றாராம். அந்தரங்கமான அடையாளம் இவருக்கு எப்படித் தெரிந்தது என்று மன்னர் சந்தேகித்துத் தண்டிக்க முற்பட, தீட்சிதர் தாமே கற்பூர தீபத்தால் தம் கண்களை அவித்துக்கொண்டு, பின்னர் அம்பிகையைத் துதித்துப் பார்வை பெற்றார் என்று கதை முடிகிறது. சரித்திரம் இதற்குச் சாட்சி சொல்லாது. ஆயினும் தலைமுறை தலைமுறையாக இதைச் சொல்லியும் கேட்டும் வந்த நாம் கவனியாமல் விட்ட ஒன்று உண்டு. சிற்பியின் அச்சம் கதையில் இருக்கிறது, மன்னரின் கோபம் இருக்கிறது, தீட்சிதரின் ஞானதிருஷ்டியும் இருக்கிறது. யாருடைய உடல் கல்லில் வடிக்கப்பட்டு ஊரார் பார்வைக்கு வைக்கப்பட்டதோ, அந்த அரசியை மட்டும் ஒருவரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

கற்சிலையாவது நின்ற இடத்தில் நிற்கிறது. சிற்பி கொடுத்த நிலைக்கு மேல் அதை ஒன்றும் செய்விக்க முடியாது. மெய்நிகர் உருவமோ அப்படிப்பட்டதன்று. ஒருவரைச் சுற்றிலும் பல காமிராக்களை நிறுத்திப் படமெடுத்து, அப்படங்களிலிருந்து அவர் மேனியின் முப்பரிமாண வடிவத்தைக் கணக்கிட்டு, பழைய ஒலிப்பதிவுகளிலிருந்து குரலைக் கற்றுக்கொண்ட ஒரு நிரலை அதனோடு இணைத்துவிட்டால், அவர் ஒருபோதும் சொல்லாததைச் சொல்வார், போகாத இடத்துக்குப் போவார், வெறுத்தவர்களை அணைத்துக்கொள்வார். தோற்பாவைக் கூத்தில் ராமனுக்காகப் பேசுகிறவர் திரைக்குப் பின்னால் இருக்கிறார் என்பது பார்க்கிற குழந்தைக்கும் தெரியும். இங்கே திரையே இல்லை, பார்க்கிறவரும் பாவைகளோடு மேடைமேல் நிற்கிறார். ஆகவே நாம் ஆராய வேண்டியது முகத்தைக் காட்டுவதைக் காட்டிலும் அந்த முகத்தைக் கொண்டு செய்விக்கிற செய்கையையே என்பது என் அபிப்பிராயம்.

நம் நாட்டில் இது திரைப்படத்தின் வழியாகவும் அரசியலின் வழியாகவும் முதலில் வந்து சேர்ந்தது இயல்பே. இதே மதுரையில் பிறந்த நடிகர் விஜயகாந்த் 2023 டிசம்பர் 28-ல் காலமானார். 2024 செப்டம்பர் 5-ல் வெளிவந்த ‘கோட்’ படத்தில், குடும்பத்தார் இசைவோடு, செயற்கை நுண்ணறிவின் உதவியால் திரையில் தோன்றினார். அதற்கு முன்பே, ஜூலை மாதத்தில், முன் அனுமதியின்றி அவர் உருவத்தை இவ்வாறு யாரும் பயன்படுத்தலாகாது என்று அவருடைய துணைவியார் பிரேமலதா அறிக்கை விட்டிருந்தார். அவ்வாண்டின் தொடக்கத்தில், இசையமைப்பாளர் ஏ.ஆர். ரகுமான் ‘லால் சலாம்’ படத்தின் ஒரு பாடலுக்காக, மறைந்த பாடகர்களான பம்பா பாக்யா, சாகுல் ஹமீது இருவரின் குரலையும் செயற்கையாக எழுப்பியபோது, குடும்பத்தாரிடம் அனுமதி பெற்று அவர்களுக்கு ஊதியமும் அளித்ததாகப் பகிரங்கமாகச் சொன்னார். சினிமா உலகில் இவ்வளவு மரியாதை காட்டப்பட்டது பாராட்டத்தக்கதே.

அரசியலில் கதை வேறு. 2018 ஆகஸ்டில் மறைந்த கலைஞர் கருணாநிதி, 2024 ஜனவரியில் தி.மு.க.வைச் சேர்ந்த டி.ஆர். பாலுவின் நூல் வெளியீட்டு விழாவில் திரையில் தோன்றி, நூலாசிரியரை வாழ்த்தியதோடு தம் மகனுடைய ஆட்சியையும் மெச்சிப் பேசினார். அடுத்த மாதமே ஜெயலலிதாவின் பிறந்த நாளன்று, அவர் குரலில் ஓர் உரையை அ.தி.மு.க. வெளியிட்டது. இரண்டு கட்சியினரும் தங்கள் தலைவர்மீது கொண்ட பக்தியில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் வாழ்நாள் முழுவதும் பிறருக்கு வசனம் எழுதிக் கொடுத்த கருணாநிதிக்கு, கடைசியில் வேறு யாரோ வசனம் எழுதிக் கொடுத்தார்கள் என்பதை நினைக்கும்போது, அவர் இருந்திருந்தால் அந்தக் கையெழுத்துப் பிரதியை எத்தனை இடத்தில் அடித்துத் திருத்தியிருப்பார் என்று எண்ணாமல் இருக்க முடியவில்லை.

குடும்பத்தார் சம்மதித்துவிட்டால் போதாதா என்று கேட்பார்கள். போதாது என்றே கருதுகிறேன். ஒருவர் தேடிவைத்த வீடும் நிலமும் பதிப்புரிமையும் வாரிசுகளுக்குப் போய்ச் சேரும். அவர் இனிமேல் என்ன சொல்லியிருப்பார் என்று தீர்மானிக்கிற அதிகாரம் எந்த வாரிசுச் சான்றிதழிலும் அடங்காது. அவர் செய்ததை மீண்டும் காட்டுவதற்குக் குடும்பத்தாரின் இசைவு போதும். செய்யாததைச் செய்வித்துக் காட்ட, அவரே உயிரோடிருக்கையில் இன்னின்னதற்கு என்று கொடுத்த சம்மதம் வேண்டும்.

சட்டம் இவ்விஷயத்தில் இரண்டு வழியாக நடக்கிறது. ஜெயலலிதாவின் வாழ்க்கையைப் படமாக்குவதைத் தடுக்கக் கோரி அவர் அண்ணன் மகள் தீபா தொடுத்த வழக்கில், ஒருவருடைய அந்தரங்க உரிமையும் நற்பெயரும் அவரோடு முடிந்துவிடுகின்றன, வாரிசுகளுக்கு இறங்குவதில்லை என்று 2021 ஏப்ரலில் சென்னை உயர்நீதிமன்றம் கூறியது. அதற்கு ஆறு ஆண்டுகள் முன்பு, காந்தியடிகள் பேசுவதாக ஆபாசச் சொற்களை அமைத்த ஒரு மராத்திக் கவிதை பற்றிய வழக்கில், சரித்திரப் புகழ் பெற்ற பெரியோரின் வாயில் அத்தகைய மொழியை வைப்பதற்குக் கவிதைச் சுதந்திரம் கேடயம் ஆகாது என்று உச்ச நீதிமன்றம் 2015 மே மாதத்தில் தீர்ப்பளித்தது. ஆக, இறந்தவருக்கு உரிமை இல்லை. ஆயினும் அவரைக் கொண்டு எதையும் பேச வைக்கலாம் என்பதும் இல்லை. இந்த இரண்டுக்கும் நடுவிலுள்ள பரந்த வெளியில், ஆபாசமும் அவதூறும் கலவாத ஒரு பொய்ப் பேச்சை எங்கே வைப்பது என்பதற்கு விடையில்லை. காந்தியடிகளைச் சொன்னதால் ஒன்று சேர்த்துச் சொல்கிறேன். 1921 செப்டம்பர் 22-ல், நம் மேலமாசி வீதியில் தங்கியிருந்தபோதுதான் அவர் மேலாடையைத் துறந்து, இனி உலகம் தம்மை எந்தக் கோலத்தில் காணவேண்டும் என்பதைத் தாமே நிச்சயித்துக்கொண்டார். அப்படி நிச்சயிப்பதற்குரிய சுதந்திரத்தையே நான் இங்கே பேசுகிறேன்.

துக்கத்தின் பொருட்டுச் செய்யப்படுவதைப் பற்றி என்னால் இவ்வளவு கறாராகப் பேச முடியவில்லை. 2020 பிப்ரவரியில் தென்கொரியாவின் எம்.பி.சி. தொலைக்காட்சி, நோயால் இறந்த தன் சிறு மகளை ஒரு தாய் மெய்நிகர் பூங்கா ஒன்றில் சந்திக்கும் நிகழ்ச்சியை ஒளிபரப்பியது. கவசமும் கையுறையும் அணிந்த அந்தத் தாய், எதிரில் ஒன்றுமில்லாத பச்சைத் திரை அறையில், காற்றைத் தடவிக் கொடுத்து அழுதாள். அந்த ஒரு சந்திப்பால் அவளுக்கு ஆறுதல் கிடைத்திருக்குமானால் அதைக் குறை கூற நான் யார்? குறை கூற வேண்டியது, தாயும் மகளும் தனித்திருக்க வேண்டிய அந்த அறைக்குள் ஒரு நாட்டின் ஜனங்களையெல்லாம் எட்டிப் பார்க்க அழைத்ததை. இதற்கு மாறாக, அமெரிக்காவில் ஷோவா அறக்கட்டளை என்ற ஸ்தாபனம், நாஜிக் கொடுமையிலிருந்து தப்பிப் பிழைத்த முதியவர்களை அவர்கள் உயிரோடிருந்தபோதே அமர்த்தி, நூற்றுக்கணக்கான கேள்விகளுக்கு அவர்களே சொன்ன விடைகளைப் பல காமிராக்களில் பதிந்து வைத்தது. இன்று ஒரு மாணவன் கேட்டால், பொருத்தமான விடை தேர்ந்தெடுக்கப்படுகிறது. ஒரு சொல்லும் புதிதாகக் கட்டப்படுவதில்லை.

இவையெல்லாம் புகழ்பெற்றவர்களையும் இறந்தவர்களையும் பற்றியவை என்று நாம் நிம்மதியாக இருந்துவிடலாகாது. கவசத்தை அணிந்து விளையாடிய 55,000-க்கு மேற்பட்டவர்களின் தலை, கை அசைவுகளை 2023-ல் கலிபோர்னியாவில் ஆராய்ந்தவர்கள், நூறு விநாடி அசைவைக் கொண்டே நூற்றுக்குத் தொண்ணூற்று நான்கு பேருக்கு மேல் இன்னார் என்று பிரித்தறிய முடிந்ததைக் காட்டினார்கள். முகத்தை மறைத்தால் ஆளை மறைத்ததாகாது என்று இதற்கு அர்த்தம். குழந்தைகள் விஷயம் இன்னும் கவலைக்குரியது. 2009-ல் ஸ்டான்போர்டு ஆராய்ச்சியாளர் இருவர், திமிங்கலங்களோடு நீந்துகிற தன்னுருவத்தைக் கவசத்தில் கண்ட பள்ளிப் பிள்ளைகளுள் பலர், சில நாட்களுக்குப் பின், அது மெய்யாகவே நடந்தது என்று நினைவுகூர்ந்ததைக் கண்டார்கள். தன் உருவமே தன்னை ஏமாற்ற வல்லது என்றால், அந்தப் பிள்ளையின் படத்தைப் பள்ளிக்கூடத்திலிருந்து வாங்கிக்கொள்கிற வியாபாரியிடம் பெற்றோர் எத்தனை கேள்வி கேட்க வேண்டும்! சித்திரைத் திருவிழாவில் அழகர் ஆற்றில் இறங்கும்போது வைகையில் நெருங்கி நிற்கும் லட்சக்கணக்கான ஜனங்களைச் சுற்றுக் காமிராவில் பிடித்து மெய்நிகர் காட்சியாக விற்பது இன்று எளிது. அக்கூட்டத்தில் தண்ணீர் பீய்ச்சுகிறவரும் மொட்டைத்தலையோடு பேரனைத் தோளில் ஏற்றியிருப்பவரும் அழகருக்காக வந்தார்களே தவிர, யாருடைய கவசத்துக்குள்ளும் வர ஒப்பவில்லை. கூட்டமாகக் காட்டுவதில் தவறு காணேன். அவர்களுள் ஒருவரைத் தனியே பிரித்து, வேறொரு கதையில் நடமாட விடுவதைத் தடுக்க விதி வேண்டும்.

கடைசியாக, நம் வாசலிலேயே இருக்கும் ஒன்று. கீழடி அகழாய்வுத் தலத்துக்கு அருகிலுள்ள கொந்தகை ஈமக்காட்டில் கிடைத்த, ஏறத்தாழ 2500 ஆண்டு பழமை உடையவை என்று கருதப்படும் இரண்டு ஆண் மண்டையோடுகளிலிருந்து, மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தாரும் லிவர்பூல் ஜான் மூர்ஸ் பல்கலைக்கழகத்தாரும் சேர்ந்து அம்மனிதரின் முகங்களை மீட்டுருவாக்கினார்கள். 2025-ல் அம்முகங்களை நாமெல்லாம் பார்த்தோம். மகத்தான வேலை. ஆனால் எலும்பு சொல்வது ஒரு பங்கு. தோலின் நிறமும் கண்ணின் பார்வையும் உருவாக்கியவரின் அனுமானம். இதே வைகைப் படுகையில், புலிமான்கோம்பையில் 2006-ல் கிடைத்த தமிழ்பிராமி நடுகற்களை நட்டவர்கள், ஆநிரை கவரும் ஆகோட் பூசலில் பட்டவன் பெயரையும் ஊரையும் வெட்டினார்களே ஒழிய முகத்தை வடிக்கவில்லை. நாமோ பெயரறியாதவர்களுக்கு முகம் கொடுத்திருக்கிறோம். அடுத்த படியாக, அவ்விருவரையும் ஒரு மெய்நிகர்க் கீழடியில் நடக்கவிட்டு, வருகிற மாணவர்களோடு தமிழில் பேச வைக்கலாம் என்று யாராவது திட்டம் தீட்டுவது நிச்சயம். முகத்தைக் காட்டுங்கள், எது எலும்பு, எது ஊகம் என்று அங்கேயே எழுதி வையுங்கள், பேச மட்டும் வைக்காதீர்கள் என்பது என் கட்சி. இன்று முற்பகல் அமர்வில் படிக்கப்படும் முதற் கட்டுரை இதற்கு நேர் எதிரான கட்சியைப் பேசுகிறது என்று அறிகிறேன். பேசாத முகத்தை எந்த மாணவனும் இரண்டாம் முறை பார்க்க வரமாட்டான் என்பது அதன் வாதம். அதைக் கேட்பதற்கு நான் ஆவலாக இருக்கிறேன். கட்டுரையாளர் மேடைக்கு வருக.