மலைக்கு முந்தைய பிளவு: பைரனீஸ் தரும் சான்று

மலைத்தொடர்கள் எழுந்த இடங்களில் பல, ஒருகாலத்தில் நிலம் பிளந்து விலகிய இடங்களே. கண்டம் இழுபட்டு மெலிகிறது. நடுவில் கடல் புகுகிறது. பின்னர் அந்தக் கடல் மூடி, இரு கரைகளும் நெருக்குண்டு மலையாக உயர்கின்றன. கனடிய நிலவியலாளர் டூசோ வில்சன் இந்தச் சுழற்சியை 1966-இல் 'நேச்சர்' இதழில் எழுதினார். இன்றைய அட்லாண்டிக் திறப்பதற்கு முன்பே அங்கு வேறொரு கடல் இருந்து மூடியது என்பது அவரது வாதம். கடல் மூடும்போது எழும் மலையின் வடிவம், அகலம், உள்ளமைப்பு ஆகியவற்றையும் பழைய பிளவே பெருமளவு தீர்மானிக்கிறது என்ற கருத்து அதற்கு வெகுகாலம் கழித்தே வலுப்பெற்றது. இக்கட்டுரையின் பொருள் அதுவே.

கண்ட மேலோடு சாதாரணமாக 30 முதல் 35 கி.மீ. தடிமன் உள்ளது. இழுபடும்போது அதன் மேற்பகுதி உடைந்து சரிகிறது. சூடான கீழ்ப்பகுதி உடையாமல் நெகிழ்ந்து நீள்கிறது. தடிமன் 10 கி.மீ. அளவுக்குக் குறைந்ததும் நிலைமை மாறிவிடுகிறது. மேலோடு முழுவதும் குளிர்ந்து உடையும் தன்மை பெறுவதால், பிளவுகள் அதைக் கடந்து அடியிலுள்ள கவசம் வரை இறங்குகின்றன. அவற்றின் வழியே கடல்நீர் உள்ளே செல்கிறது. கவசப் பாறையான பெரிடோடைட் நீரோடு வினைபுரிந்து, வழுக்கும் தன்மையுள்ள செர்பென்டினைட்டாக மாறுகிறது. பிற்காலத்தில் நெருக்கம் வரும்போது முதலில் நழுவி இடம் தருவது இந்த நலிந்த பாறைதான். சரிந்த பழைய பிளவுகளும் சும்மா இருப்பதில்லை. கீழிறக்கிய அதே தளத்தின் வழியே பாறையை மேலேற்றுகின்றன.

இத்தகைய மெலிந்த கண்ட ஓரங்கள் உண்மையில் உள்ளன என்பதைக் கடலடித் துளையிடல் காட்டியது. போர்ச்சுகல், ஸ்பெயின் கரைகளுக்கு மேற்கே 1985, 1993, 1997 ஆகிய ஆண்டுகளில் கடல் துளையிடல் திட்டக் கப்பல் நடத்திய பயணங்களில், கண்டத்துக்கும் உண்மையான கடல் மேலோட்டுக்கும் இடையே கவசப் பாறை கடற்படுகைக்கே வந்திருப்பது தெரிந்தது. கிழக்குச் சுவிட்சர்லாந்தின் கிராவ்புண்டன் பகுதியில், எர், பிளாட்டா எனப்படும் பாறை அடுக்குகளில், இதே அமைப்பை மலைச்சரிவில் நடந்தே பார்க்கலாம். அது ஏறத்தாழ 16 கோடி ஆண்டுகளுக்கு முன் ஆல்ப்ஸ் பகுதியில் திறந்திருந்த கடலின் ஓரம். மலையாக்கத்தின்போது ஆழத்துக்குப் புதையாமல் தப்பியதால் அதன் பழைய உருவம் இன்னும் குலையவில்லை. கடலில் துளையிட்டவர்களும் மலையில் சுத்தியலோடு அலைந்தவர்களும் ஒரே பொருளைக் கண்டுகொண்டது இத்துறையின் உண்மையான திருப்பம்.

ஆயினும் பிளவின் கை மிகத் தெளிவாகத் தெரியும் மலை, பிரான்சையும் ஸ்பெயினையும் பிரிக்கும் பைரனீஸ். அங்கு இழுபடல் உச்சம் கண்டது 12.5 கோடி முதல் 10 கோடி ஆண்டுகளுக்கு முன். பிஸ்கே விரிகுடா திறக்க, ஐபீரியா இடஞ்சுழியாகத் திரும்பியது. நெருக்கம் 8.4 கோடி ஆண்டுகளுக்கு முன் தொடங்கி, ஏறத்தாழ 2 கோடி ஆண்டுகளுக்கு முன் ஓய்ந்தது. இழுபட்ட மேலோடு முழுதாகக் குளிரும் முன்பே நெருக்கம் வந்துவிட்டது. ஆல்ப்ஸின் கதை வேறு. கடல் திறந்து 10 கோடி ஆண்டுகளுக்கு மேல் கழித்தே ஐரோப்பிய ஓரம் மோதலில் சிக்கியது, அதற்குள் அது நன்கு குளிர்ந்து இறுகியிருந்தது. இரு மலைகளையும் ஒரே அச்சில் வார்க்க முயல்வது இந்த வேறுபாட்டை மறைத்துவிடும்.

பைரனீஸின் வடசரிவில், அரியேஜ் மாவட்டத்தின் சிறிய லெர்ஸ் ஏரிக்கரையில் வெளிப்படும் கவசப் பாறையிலிருந்துதான் லெர்சோலைட் என்ற பாறைப்பெயர் வந்தது. அந்தத் தொடரில் இத்தகைய பாறைத்திட்டுகள் ஏறத்தாழ 40 உள்ளன. மலையாக்கத்தின் அழுத்தமே அவற்றை மேலே தள்ளியது என்று வெகுகாலம் நம்பப்பட்டது. லெர்சோலைட்டும் பளிங்கும் உடைந்து ஒன்றாகப் படிந்த சல்லிப்பாறைகளை லாகாப்ரியேல், பொதினியே ஆகிய இரு நிலவியலாளர்களும் ஆராய்ந்து 2008-இல் மாறான விளக்கம் தந்தனர்: கவசம் இழுபடல் நடந்த கிரெட்டேசியக் காலத்திலேயே கடற்படுகையில் வெளிப்பட்டு, அங்கேயே உடைந்து படிவில் சேர்ந்துவிட்டது. கவசப் பாறையை மேலே கொண்டுவந்தது பிளவு. மலை அதைக் கையிருப்பாகப் பெற்றுக்கொண்டது. மேற்கே மோலியோன் படுகையின் அடியில் கவசப் பாறை 10 கி.மீ. ஆழத்திலேயே இருப்பதாக நிலநடுக்க அலைகளைக் கொண்டு வரைந்த படங்கள் காட்டுவதும் இதனுடன் ஒத்துப்போகிறது.

தென்சரிவில் சான்று வேறு வகையானது. அங்கு பொய்ஷோல்ஸ் எனும் உந்துபிளவின் வடபுறத்தில் முற்காலக் கிரெட்டேசியப் படிவு பல கிலோமீட்டர் தடிமன் கொண்டது. பிளவைக் கடந்து தெற்கே வந்தால் அது சட்டென மெலிகிறது. படிவு தேங்கிய பள்ளத்தின் எல்லைப் பிளவே பின்னர் உந்துபிளவாக மாறியது என்பதை களத்திலேயே அளந்து காட்டலாம். இன்னும் பழைய மரபும் உண்டு. 20 கோடி ஆண்டுகளுக்கு முந்தைய டிரையாசிக் காலத்து உப்பும் ஜிப்சமும் சறுக்குத்தளமாக அமைந்ததால், உப்பு உள்ள இடங்களில் பாறைத்தகடுகள் தெற்கே வெகுதூரம் நகர்ந்தன. உப்பு முடியும் இடத்தில் அவையும் நின்றன. மலையின் தென்விளிம்பு நேராக ஓடாமல் வளைந்து முன்தள்ளி நிற்பதன் காரணத்தில் பெரும்பகுதி இதுவே.

பைரனீஸில் எரிமலை வரிசை இல்லாததையும் இங்கே சேர்த்துப் பார்க்க வேண்டும். அமிழ்ந்து ஆழத்தில் நீரை வெளியிட்டுப் பாறையை உருக்க அகன்ற கடல் மேலோடு தேவை. அங்கு மூடியது குறுகிய, மெலிந்த கண்டப் படுகை. உருகுவதற்கு வழியே இல்லை.

ஆனால் எல்லாவற்றையும் பழைய பிளவின் தலையில் ஏற்றுவது தவறு. மொராக்கோவின் உயர் அட்லஸ், டிரையாசிக்–ஜுராசிக் காலப் பள்ளம் நெருக்குண்டு எழுந்த மலை. இடத்தையும் திசையையும் பிளவு தந்தது என்பதில் ஐயமில்லை. எனினும் 4,167 மீட்டர் உயரமுள்ள டூப்கால் சிகரத்தைத் தாங்கும் அளவுக்கு அங்கு மேலோடு தடிக்கவில்லை. அடியில் உள்ள சூடான கவசமும் சேர்ந்தே அந்த உயரத்தைத் தாங்குகிறது. இமயத்தில் சிக்கல் வேறு. ஏறத்தாழ 5 கோடி ஆண்டுகளாக நீடிக்கும் மோதலில், பெர்மியன் காலத்தில் பிளந்த இந்திய வட ஓரத்தின் வெளிப்பகுதியில் பெரும்பங்கு அமிழ்ந்துவிட்டது. மேலிருந்து சீவப்பட்ட படிவுகளே டெதிஸ் இமயம் எனப்படும் பகுதியாக எஞ்சியுள்ளன. நெருக்கம் குறைவாக இருந்த பைரனீஸில் எளிதாகப் படிக்க முடிவதை இமயத்தில் துண்டுதுண்டாகவே சேர்த்தெடுக்க வேண்டியிருக்கிறது. அதற்கு ஸ்பிதி, சன்ஸ்கார் படிவுகளின் தடிமன் மாற்றங்களும், காஷ்மீரின் பஞ்சால் எரிமலைப் பாறைகளுமே கையில் உள்ள முதன்மைச் சான்றுகள்.