முக்கண் மீன்

வங்காளத்துக் குளங்களில் நீர்ப்பரப்பை ஒட்டியே திரியும் விரல் நீள மீன் ஒன்று உண்டு. அதன் உச்சந்தலையில் வெள்ளிப் பொட்டொன்று மின்னும். ஆதலின் அந்நாட்டார் அதனை முக்கண்ணுடையது என்னும் பொருள்பட ‘தேச்சோக்கா’ என்பர். கங்கை மீன்களைப் பற்றி 1822-இல் வெளியிட்ட நூலில் ஹாமில்டன் இதனை விவரித்துள்ளார்.

இதற்குப் பெருந்தூண்டில் உதவாது. மெல்லிய இழை, எள்ளளவு முள், நுனியில் சிறிது மாவு; இவை போதும். அகப்பட்ட மீனை நீர் நிறைந்த கண்ணாடிக் குப்பியில் இட்டு நோக்குங்கள். உச்சியில் பொட்டிருந்தால் நம் நாட்டு மீன். பொட்டின்றி, ஆண்மீனின் கீழ்த்துடுப்பு கோல்போல் நீண்டிருந்தால், அது குட்டி ஈனும் அயல்நாட்டு இனம். 1928-இல் இந்தியாவிற்குக் கொணரப்பட்ட கம்பூசியா அத்தகையதே.

இவ்வேறுபாட்டை அறிதல் வீண் பொழுதுபோக்கன்று. கொசுப்புழுவை ஒழிக்கவென்றே கம்பூசியாவைக் குளங்களில் விட்டனர். அதுவோ பிற மீன்களின் முட்டையையும் குஞ்சையும் தின்கிறது. கொசுப்புழுவை உண்பதில் முக்கண்ணனும் வல்லவனே. வீட்டிலேயே காவலன் இருக்க, வெளியிலிருந்து ஒருவனை அழைப்பானேன்?

ஆகவே நேயர்களே, குளத்தில் புதுமீனை விடுமுன், அங்கு முன்பே வாழ்வது எது என்று பாருங்கள். நாட்டு மீனாயின், ஈரக்கையால் எடுத்து அந்நீரிலேயே விட்டுவிடுங்கள்.