வயிற்றெரிச்சலும் மூச்சுப் பரிசோதனையும்



விடியுமுன் பால்வெட்டச் செல்லும் நம்மவருள், எரியும் வயிற்றைக் கடை மாத்திரையால் அடக்கி வைப்போர் பலர். குழாய் விழுங்க வேண்டுமே என்னும் அச்சமே காரணம்.

இரைப்பைப் புண்ணைப் பெரிதும் விளைவிப்பது ஹெலிகோபாக்டர் பைலோரி என்னும் கிருமி; மிளகாயின்மீது வீண்பழி! 1984-இல் ஆஸ்திரேலிய மருத்துவர் பேரி மார்ஷல் அக்கிருமியைத் தாமே பருகி, இரைப்பை அழற்சியுற்றுக் காட்டினார். 2005-இல் நோபல் பரிசு பெற்றார். மலேசியாவில் மலாய்க்காரரைவிட இந்தியரிடையே இக்கிருமி மிகுதி.

இன்று யூரியா கலந்த நீரைப் பருகிப் பைக்குள் ஊதினாலே போதும். கிருமி யூரியாவைச் சிதைப்பதால் எழும் வாயு மூச்சில் வெளிப்பட்டுவிடும்.

ஆயினும், மலம் கறுத்தவர், காரணமின்றி மெலிந்தவர் ஊதுவதோடு நின்றுவிடலாகாது. அவர்களுக்குக் குழாய்ச் சோதனையே வேண்டும். தொண்டை மரத்துப்போக மருந்து தெளித்த பின்னரே குழாயைச் செலுத்துவர். ஊதுமுன், உண்டுவரும் மாத்திரைகளை மருத்துவரிடம் மறைக்காமல் கூறுங்கள். அமிலம் குறைக்கும் மாத்திரை கிருமியை மறைத்துவிடும்.